கைப்பேசிக் கோபுரமும் மின்கம்பியும் நம் கால்நடைகளையும் பறவைகளையும் என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர், கொட்டாம்பட்டி, அலங்காநல்லூர் பக்கங்களில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய ஆண்டுகளில், கோமாரித் தடுப்பூசி முகாம் எந்த ஊரில் நடந்தாலும், மாடுகளை அவிழ்த்துக்கொண்டு எல்லாரும் கலைந்த பிறகு யாராவது ஒருவர் தயங்கி நின்று கைப்பேசிக் கோபுரத்தைக் காட்டி ஏதேனும் கேட்பார். மாடு சினை பிடிக்காததும், குருவி காணாமற்போனதும், முட்டை கெட்டதும் அந்தக் கோபுரத்தின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும். சில சந்தேகங்களில் உண்மை இருக்கிறது. பலவற்றில் உண்மையான காரணம் பத்தடி தள்ளி, வேறொரு கம்பியில் இருக்கிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

1. கதிர்வீச்சு கதிர்வீச்சுன்னு சொல்றாங்களே, எக்ஸ்ரேயில வர்றதும் டவர்ல வர்றதும் ஒண்ணுதானா சார்?

இரண்டும் மின்காந்த அலைகளே. சூரிய ஒளியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அலையின் அதிர்வெண் கூடக்கூட அது சுமந்து வரும் ஆற்றல் பொட்டலமும் பெரிதாகிறது. எக்ஸ் கதிரின் பொட்டலம் உடலின் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி மரபணுவை உடைக்கப் போதுமானது. கைப்பேசி அலைகள் ஏறத்தாழ 700 முதல் 3,500 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குபவை. இவற்றின் பொட்டலம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பொட்டலத்தைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் வலுக்குறைந்தது. இவற்றால் வேதிப் பிணைப்பை நேரடியாக உடைக்க முடியாது. மிகுந்த அளவில் பாய்ந்தால் உடலைச் சூடாக்கும் என்பதுதான் ஐயமின்றி நிறுவப்பட்ட விளைவு.

வீட்டு மின்சாரம் இதிலும் வேறு. அது நொடிக்கு 50 சுற்று மட்டும் அதிர்வது. மின்கம்பியைச் சுற்றியுள்ள புலம் கோபுரத்து அலையைப் போல வெகுதூரம் கிளம்பிச் செல்வதில்லை. கம்பியைவிட்டு விலக விலக விரைவில் தேய்ந்துவிடும். கீழே வரும் பதில்களில் கோபுரத்தின் அலை, கம்பியின் புலம், கசியும் மின்சாரம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகவே பேசுவேன். குழப்பத்தில் பாதி இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதால் வருவது.

2. டவருக்கு நேர் கீழதான் எங்க தொழுவம் இருக்கு. அங்கதானே ரொம்ப ஆபத்து?

இல்லை. கோபுரத்தின் உச்சியில் நீளமான பெட்டி போல் தொங்கும் அலைவாங்கிகள் அலையைக் கீழ்நோக்கிக் கொட்டுவதில்லை. ஏறக்குறைய படுக்கைவாட்டில், சில பாகை மட்டும் சாய்த்து அனுப்புகின்றன. கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கற்றை அதன் அடிவாரத்தில் விழாதது போலத்தான் இதுவும். முதன்மைக் கற்றை தரையைத் தொடுவது பெரும்பாலும் நூறு மீட்டருக்கு அப்பால். அதற்குள் அது வெகுவாக விரிந்து மெலிந்துவிடும்.

ஒரு கணக்கு பார்ப்போம். 20 வாட் ஆற்றலை ஒரே பக்கமாக 50 மடங்கு குவித்து அனுப்பும் அலைவாங்கி ஒன்றை எடுத்துக்கொண்டால், கற்றைக்கு நேர் எதிரே 50 மீட்டரில் சதுர மீட்டருக்கு 0.03 வாட் அளவுதான் இருக்கும். தூரம் இரட்டித்தால் அளவு கால் பங்காகும். பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்காகும். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் வந்த வரம்பு, 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட், பன்னாட்டுப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்கு. தொழுவத்து மாட்டின் மேல் விழுவது இதைவிட மிகக் குறைவு. ஆனால் பெட்டிக்கு எதிரே ஓரிரு மீட்டரில் உட்காரும் பறவையின் நிலை வேறு. அதை 4, 14 ஆம் கேள்விகளில் சொல்கிறேன்.

3. சிட்டுக்குருவி அழிஞ்சதுக்கு செல்போன் டவர்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. படத்துலகூட காட்டினாங்களே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. 2018-இல் வந்த ஒரு பெரிய தமிழ்ப் படம் இந்த நம்பிக்கையை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. குருவிக்காக மக்கள் கண் கலங்கியதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் காரணத்தைத் தவறாகப் பிடித்தால் மருந்தும் தவறாகவே போகும்.

முதலில் காலக்கணக்கு. பிரிட்டனில் சிட்டுக்குருவி குறையத் தொடங்கியது 1970களில். அங்கே கைப்பேசிச் சேவை தொடங்கியது 1985-இல். இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து பேசப்பட்டது. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி கால் நூற்றாண்டாக ஏறத்தாழ நிலையாகவே இருப்பதாகவும், பெருநகரங்களில் மட்டும் குறைந்துவருவதாகவும் கூறியது. கோபுரம் இல்லாத ஊர் இன்று எங்கே இருக்கிறது? கோபுரம்தான் காரணமென்றால் கிராமத்துக் குருவியும் சேர்ந்தே மறைந்திருக்க வேண்டும்.

மறுபக்கச் சான்றையும் சொல்லிவிட வேண்டும். 2007-இல் வெளியான ஒரு பெல்ஜிய ஆய்வு, குடியிருப்புப் பகுதிகளில் அலையின் செறிவு கூடிய இடங்களில் ஆண் சிட்டுக்குருவிகள் குறைவாகத் தென்பட்டதைக் காட்டியது. ஸ்பெயினின் வல்லடோலிட் நகரிலும் அதே போன்ற முடிவு வந்தது. இவை கவனிக்கத்தக்க ஆய்வுகள். ஆனால் அலை செறிந்த இடம் என்பது பெரும்பாலும் கட்டடம் நெருங்கிய, மரமும் புதரும் குறைந்த இடமாகவே இருக்கும் என்பதால், குருவியை விரட்டியது அலையா கட்டடமா என்று அந்த முறையில் பிரித்துச் சொல்ல இயலாது.

நான் சிறுவனாக இருந்தபோது மதுரைக் கீழமாசி வீதியில் சாக்கு வாயைச் சுருட்டிவைத்த தானிய மூட்டைகளின் மேல் குருவிகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் கையை ஓங்கினால் கம்பத்துக்குப் போய், கை இறங்கியதும் திரும்பிவிடும். இன்று தானியம் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது. ஓட்டு வீட்டு எரவாணமும் சுவர்ப் பொந்தும் போய்க் கான்கிரீட் வந்துவிட்டது. எல்லாவற்றையும்விட முக்கியமானது குஞ்சின் உணவு: தானியம் தின்னும் குருவியாயினும் தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். தோட்டமும் வேலிப் புதரும் போய், பூச்சிமருந்தும் வந்த தெருவில் குஞ்சு பட்டினியால் சாகும். குருவிக்காக ஏதேனும் செய்ய விரும்புவோர் பொந்துள்ள பெட்டி ஒன்றை நிழலான சுவரில் மாட்டி, பக்கத்தில் மருந்தடிக்காத ஒரு செடிக்கூட்டத்தையும் வளர்க்கட்டும்.

4. காக்கா டவர் மேலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்குது. அப்ப ஒண்ணும் செய்யாதுன்னுதானே அர்த்தம்?

அப்படியும் சொல்லிவிட முடியாது. காகம் கூடு வைப்பது பெரும்பாலும் இரும்புச் சட்டங்கள் கூடும் மூலையில், அலைவாங்கியின் பின்புறத்திலோ கீழேயோ. அங்கே அலை குறைவு. கூடு கட்டியதே பாதுகாப்புக்குச் சான்றாகாது. பறவைக்கு இந்த அலையை உணர்ந்து விலகும் புலன் இருப்பதாகத் தெரியவில்லை. அதே சமயம், கோபுரத்தில் வளர்ந்த குஞ்சுகள் பறந்து போவதை ஊர் முழுவதும் பார்க்கிறோம் என்பதையும் ஒதுக்கிவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உடனடிக் கேடு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது வரைதான் சொல்லலாம்.

5. அடை வச்ச முட்டையெல்லாம் கூமுட்டையாப் போகுது. டவர் வந்த பிறகுதான் இப்படி. என்ன செய்யலாம்?

கோழிமுட்டையை வைத்து இதைச் சோதித்த வரலாறு பழையது. 1980களின் இறுதியில் ஆறு ஆய்வகங்கள் ஒரே மாதிரிக் கருவியைக்கொண்டு, ஒரே முறையில், விட்டுவிட்டுத் துடிக்கும் காந்தப் புலத்தில் முட்டைகளை வைத்துக் கருவைப் பார்த்தன. இரண்டு ஆய்வகங்களில் கருக்குறை கூடியது. நான்கில் உறுதியாக எதுவும் தெரியவில்லை. ஒரே சோதனையை ஒரே மாதிரிச் செய்தும் முடிவு இப்படிப் பிரிந்தது என்பதை நினைவில் வையுங்கள். இத்துறையில் ஓர் ஆய்வை மட்டும் பிடித்துக்கொண்டு பேசக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வீட்டுக் கோழிக்கு வருவோம். சித்திரை, வைகாசி வெயிலில் மதுரைப் பக்கம் அடைக்கூடையைத் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் கரு வெந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்துவைத்த முட்டை, சேவல் சரியாக அணையாத முட்டை, கோழி அடிக்கடி எழுந்துபோன முட்டை எல்லாம் கூமுட்டையாக வாய்ப்பு அதிகம். ஏழாம் நாள் இரவில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிவந்த நரம்புகள் சிலந்திவலை போல் ஓடினால் கரு வளர்கிறது. தெளிவாக இருந்தால் கருவே கூடவில்லை; அதற்குச் சேவலைத்தான் பார்க்க வேண்டும். வளர்ந்து நின்ற கருவென்றால் வெப்பத்தையும் அடைக்கோழியையும் பாருங்கள்.

6. செல்லூர்ல நாங்க பந்தயப் புறா வளர்க்கிறோம். முன்ன மாதிரி புறா வீடு திரும்ப மாட்டேங்குது. டவர் அதோட திசையைக் குழப்புதா?

இக்கேள்விக்குப் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. பூமியின் காந்தப் புலத்தை உணர்ந்து பறவைகள் திசை அறிகின்றன என்பதை ஜெர்மனியில் வோல்ஃப்காங் வில்ச்கோ 1960களில் ராபின் என்னும் சிறு பறவையைக்கொண்டு காட்டினார். அமெரிக்காவில் வில்லியம் கீட்டன் 1971-இல் புறாக்களின் முதுகில் சிறு காந்தத்தைக் கட்டிவிட்டுப் பார்த்தார். வெயில் நாளில் அவை பெரும்பாலும் சரியாகத் திரும்பின. மேகம் மூடிய நாளில் பல தடுமாறின. புறாவிடம் சூரியன், காந்தம், வாசனை, பழகிய இடத்தின் அடையாளம் எனப் பல வழிகாட்டிகள் உண்டென்பதும், ஒன்று கெட்டால் இன்னொன்றைக்கொண்டு சமாளிக்கும் என்பதும் அதிலிருந்து விளங்கும்.

அலைகள் இந்தத் திசைகாட்டியைக் குலைக்க முடியுமா? முடியும், குறிப்பிட்ட வரம்புக்குள். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் மரக் குடில்களில் வைத்த ராபின்களால் வலசைத் திசையை அறியவே முடியவில்லை. குடிலுக்கு அலுமினியத் தகடு அடித்து அதை நிலத்தில் புதைத்த கம்பியோடு இணைத்ததும் திசை அறிந்தன. இணைப்பைக் கழற்றியதும் மீண்டும் தொலைத்தன. ஹென்ரிக் மொவ்ரிட்சனின் குழு பல ஆண்டுகள் சோதித்து 2014-இல் வெளியிட்ட முடிவு இது. குலைத்தவை 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைகள்: மத்திய அலை வானொலியும் மின்கருவிகளின் இரைச்சலும் புழங்கும் பகுதி. மனிதருக்கான வரம்பைவிட மிகமிகக் குறைந்த செறிவே இதற்குப் போதுமானதாக இருந்தது. பறவையின் விழித்திரையிலுள்ள கிரிப்டோகுரோம் என்னும் புரதம் காந்தத்தை உணரும் கருவியாக இருக்கலாம் என்பதற்கு 2021-இல் வலுவான சான்று கிடைத்தது.

இப்போது உங்கள் கோபுரம். அதே ஆய்வாளர்கள் பின்னர் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போய்ச் சோதித்தார்கள். 75 முதல் 85 மெகாஹெர்ட்ஸில் குழப்பம் இருந்தது. 140 முதல் 150 மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலே சோதித்த பட்டையிலும் இல்லை. கைப்பேசி அலை 700-க்கு மேல் தொடங்குவதால் இந்த வழியில் குழப்ப வாய்ப்பில்லை என்றே கொள்ளலாம். உங்கள் புறா திரும்பாததற்கு வேறொரு வகையில் கோபுரமே காரணமாக இருக்கவும் கூடும்: உயரமான இரும்பு உச்சி வல்லூறுக்கும் இராசாளிக்கும் நல்ல இருக்கை. மதுரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத அரிட்டாபட்டிப் பாறைகள் அத்தகைய வேட்டைப் பறவைகளுக்குப் பேர்பெற்றவை. கோபுரத்துக்குக் கீழே பிய்த்த புறா இறகு கிடக்கிறதா என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

7. அப்ப சாமநத்தம் கண்மாய்க்கும் வேட்டங்குடிக்கும் வர்ற வலசைப் பறவைக்குப் பாதிப்பு உண்டா?

கைப்பேசி அலையால் இல்லை என்பதற்கு மேலே சொன்ன காரணமே பொருந்தும். கண்மாய்க் கரைகளை ஒட்டிக் குறுக்கே ஓடும் மின்கம்பிதான் எனக்குக் கவலை. நாரையும் கூழைக்கடாவும் கனமான உடல் கொண்டவை. பறக்கும்போது சட்டென ஒதுங்கத் தெரியாதவை. மங்கலான விடியலில் கம்பி கண்ணுக்குத் தெரியாது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப்பட்டியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்ட மக்கள் இருக்கிறார்கள். அத்தகைய ஊர்களைச் சுற்றி ஓடும் கம்பிகளில் பறவைக்குத் தெரியும்படி வண்ண வில்லைகள் மாட்டச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை.

8. தேன்கூடு டவர் பக்கத்துல நிக்க மாட்டேங்குதே?

சண்டிகரில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், கைப்பேசிகளைத் தேன்பெட்டியிலேயே வைத்து இயக்கியபோது இராணித் தேனீ முட்டையிடுவது குறைந்தது. இந்தியாவெங்கும் பரவிய செய்தி இதிலிருந்து வந்தது. ஆனால் சோதித்தவை விரல்விட்டு எண்ணத்தக்க பெட்டிகள்; பெட்டியை ஒட்டிவைத்த கைப்பேசிக்கும் நூறு மீட்டர் தள்ளியுள்ள கோபுரத்துக்கும் செறிவில் பெரும் வேறுபாடு உண்டு. மலைத்தேனீ மதுரையின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளிலும் உயர்ந்த கட்டடங்களிலும் ஆண்டுதோறும் அடை கட்டுவதைக் காண்கிறோம். பூ தீர்ந்தால் அது இடம் மாறும். அது அதன் இயல்பு.

ஒன்று மட்டும் விழிப்போடு பார்க்க வேண்டியது. 6,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகும்போது அலைநீளம் பூச்சியின் உடல் அளவை நெருங்குவதால் அது உறிஞ்சும் ஆற்றல் கூடும் என்று 2018-இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டைகள் பரவலாகும் முன்பே தேனீக்களில் முறையான ஆய்வு நடப்பது நல்லது.

9. பெரிய லைன் எங்க காட்டு மேல போகுது. கீழ மேயுற மாடு சினை பிடிக்க மாட்டேங்குது, கலைஞ்சும் போகுது.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1990களில், 735 கிலோவோல்ட் கம்பிக்கு நேர் கீழே இருக்கும் அளவுக்குப் புலத்தை உண்டாக்கி, அதனுள் கறவை மாடுகளை வாரக்கணக்கில் நிறுத்திப் பார்த்தார்கள். தீவனம் எடுக்கும் அளவு, பாலின் கொழுப்பு போன்றவற்றில் சிறு மாற்றங்கள் தெரிந்தன. நோய் என்று சொல்லத்தக்கது இல்லை. அந்நாட்டிலேயே அமெரிக்கக் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறுகளை இதே போன்ற புலத்தில் வளர்த்தபோது, முட்டை சற்றுப் பெரிதாயிற்று, ஓடு மெலிந்தது, பொரிப்பது குறைந்தது, பொரித்த குஞ்சு பறக்குமளவு தேறுவது கூடியது. ஆகவே புலத்தால் உடலுக்கு எதுவுமே நேராது என்று நான் சொல்ல மாட்டேன். நேர்வது சிறிது, அதுவும் பல பக்கம் இழுப்பது. நம் ஊர்க் கம்பிகள் பெரும்பாலும் 110, 230, 400 கிலோவோல்ட். மாடும் நாள் முழுவதும் கம்பிக்கு அடியிலேயே நிற்பதில்லை.

சினை பிடிக்காத மாடுகளில் நான் கண்ட காரணங்கள்: தாதுஉப்புக் குறைவு, வெளியே தெரியாத ஊமைப் பருவம், ஊசி போடும் நேரம் தவறுவது. காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலையில் சினை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். இதை ஒழுங்காகக் கடைப்பிடித்ததாலேயே சினையான மாடுகள் கணக்கற்றவை. அடுத்தடுத்துக் கலைந்தால் இரத்தத்தைக் கருச்சிதைவு நோய்க்குச் சோதிக்க வேண்டும். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும் என்பதால் கம்பியைக் குறைசொல்லிக் காலம் கடத்தக் கூடாது.

பெரிய கம்பிக்கு அடியில் இணையாக ஓடும் நீண்ட இரும்பு வேலியைத் தொட்டால் சுருக்கென்று இருப்பது உண்மை; அது தூண்டப்பட்ட மின்னழுத்தம். வேலியை ஆங்காங்கே நிலத்தோடு இணைத்தால் தீரும்.

10. டவர் வந்ததுல இருந்து மாடு தொட்டியில வாய் வைக்க மாட்டேங்குது, பால் பாதியாக் குறைஞ்சிருச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?

இதே புகாரோடு என்னை அழைத்த ஒரு வீட்டில் கண்டதைச் சொல்கிறேன். சிமெண்டுத் தொட்டி, பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு, நீர்மூழ்கி மோட்டார். சிவலைப் பசு ஒன்று தாகத்தோடு தொட்டிக்கு வந்தது. கழுத்தை எட்ட நீட்டி, நாக்கின் நுனியால் தண்ணீரை ஒருமுறை தொட்டு, வெடுக்கெனத் தலையை இழுத்துக்கொண்டது. மீண்டும் வந்தது, மீண்டும் இழுத்துக்கொண்டது. நான் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தி ஒரு நிமிடம் ஆகியிருக்காது, பசு மூக்கு முழுக நின்று உறிஞ்சிக் குடித்தது. மோட்டார் ஓடும்போது தண்ணீருக்கும் ஈரத் தரைக்கும் நடுவே அளவுமானியை வைத்துப் பார்த்தால் ஆறு வோல்ட் காட்டியது.

வீட்டுக்காரர் அதே தண்ணீரில் கைவிட்டு, ஒன்றுமே தெரியவில்லை என்றார். செருப்புக் காலும் காய்ந்த தோலும் அவருக்குக் காப்பு. மாட்டின் ஈர மூக்கிலிருந்து ஈரத் தரையில் நிற்கும் குளம்பு வரையான மின்தடை சுமார் 500 ஓம் மட்டுமே. இரண்டு, மூன்று வோல்ட்டையே அது உணர்ந்துவிடும். தண்ணீர் குறைந்தால் பால் குறையும். கறக்கும் இடத்திலும் கசிவு இருந்தால் மாடு உதைக்கும், பாலை அடக்கும். கோபுரத்துக்கு வந்த புதிய மின்இணைப்போ, அதே சமயத்தில் வீட்டில் போட்ட மோட்டாரோ, தேய்ந்துபோன எர்த் கம்பியோ காரணமாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்த்து, கசிவு நேர்ந்தால் தானே அணையும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். மாடு தந்த எச்சரிக்கை அந்த வீட்டுக் குழந்தைகளுக்குமானது.

11. எங்க தோட்டத்து டிரான்ஸ்பார்மர் அடியில அடிக்கடி மயில் செத்துக் கிடக்கு. கதிர்வீச்சு தாங்காமத்தானே?

கதிர்வீச்சு அன்று, நேரடி மின்தாக்கு. ஒற்றைக் கம்பியில் உட்காரும் காகத்துக்கு எதுவும் ஆகாததற்குக் காரணம் மின்சாரம் வெளியேற வழியில்லாததுதான். 11 கிலோவோல்ட் கம்பிகளுக்கு நடுவே பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளிதான் இருக்கும். மயில் சிறகை விரித்தால் அதைவிட அகலம். ஒரு சிறகு ஒரு கம்பியிலும் மற்றது இன்னொன்றிலோ இரும்புச் சட்டத்திலோ பட்டால் முடிந்தது. இறந்த மயிலின் சிறகு மடிப்பை விரித்துப் பாருங்கள்: கருகிய இறகும், மிளகளவு வெந்த துளையும், எதிர்க்காலில் அதே போன்ற இன்னொரு தழும்பும் இருக்கும். பழந்தின்னி வௌவால்கள் கம்பியில் காய்ந்து தொங்குவதும் இப்படித்தான். அய்யலூர், கடவூர்க் காடுகளில் மரக்கிளைத் தொடர்ச்சி அறுந்த இடங்களில் தேவாங்கு மின்கம்பி வழியே கடக்க முயன்று மடிகிறது. அவற்றுக்காகவே 2022-இல் 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பகுதி அது.

இராசஸ்தானின் தார்ப் பகுதியில் சுமார் 4,200 சதுர கிலோமீட்டரில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 84,000 பறவைகள் மின்கம்பிகளால் இறப்பதாக இந்திய வனஉயிரின நிறுவனம் மதிப்பிட்டது. கானமயில் என்னும் அரிய பெரும் பறவைக்காக (அது மயில் அன்று) உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனதும் கம்பிகளால்தான். கண்ணுக்குத் தெரியாத அலையைப் பற்றி மேடை போட்டுப் பேசும் நாம், கண்ணெதிரே இருக்கும் இந்தக் கம்பியைப் பற்றிப் பேசாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. டிரான்ஸ்பார்மரின் இணைப்புக் கம்பிகளுக்கு உறை போட்டால் போதும். பெரும்பாலான சாவைத் தடுக்கலாம்.

12. அறுந்து விழுந்த கம்பியை மாடு தொடவே இல்லை. அஞ்சாறடி தள்ளித்தான் நின்னுச்சு. எப்படிச் செத்துச்சு?

ஈர நிலத்தில் கம்பி விழுந்தால் அதைச் சுற்றி மின்னழுத்தம் வட்டவட்டமாகக் குறைந்துகொண்டே போகும். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளியுள்ள மாட்டில், இரண்டு முனையிலும் அழுத்தம் வேறாக இருப்பதால் மின்சாரம் ஒரு காலில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறுகாலில் இறங்குகிறது. மரத்தில் இடி விழும்போது அடியில் ஒதுங்கிய ஆடுகள் மொத்தமாகச் சாவதும் இதனால்தான். மாட்டை மீட்க ஓடாதீர்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியான பிறகே அருகில் செல்ல வேண்டும்.

13. மாட்டுக்குக் காதுல மாட்டுற மஞ்சள் வில்லை கதிர்வீச்சு விடுமாமே?

விடாது. அது பன்னிரண்டு இலக்க எண்ணும் கோட்டுக் குறியீடும் அச்சிட்ட வெறும் நெகிழித் துண்டு. மின்சுற்று எதுவும் அதில் இல்லை. காது புண்ணாகாமல் ஒரு வாரம் வேப்பெண்ணெய் தடவினால் போதும்.

14. வரம்பு வரம்புங்கிறீங்க, அது மனுஷனுக்குப் போட்டது. குருவிக்கு ஏது சார் வரம்பு?

மிகச் சரியான கேள்வி. இரண்டாம் பதிலில் சொன்ன வரம்பு மனித உடலை வைத்துக் கணக்கிட்டதுதான். ஓர் உடல் தன் நீளம் அலைநீளத்தின் பாதியை நெருங்கும்போது அலையை மிகுதியாக உறிஞ்சும். மனிதருக்கு அந்த நிலை ஏறத்தாழ 70 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. 900 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 33 சென்டிமீட்டர். அதில் பாதி, ஒரு சிட்டுக்குருவியின் நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆகவே அதே செறிவில் நம்மைவிடக் குருவி தன் எடைக்குக் கூடுதலாக உறிஞ்சும். அலைவாங்கிக்கு எதிரே ஓரிரு மீட்டரில் உட்காரும் பறவை மனித வரம்பையே தாண்டிய இடத்தில் இருக்கிறது.

இதனால் நோய் வரும் என்று நிறுவப்படவில்லை. ஆனால் பறவைக்கென்று தனி வரம்பு இல்லாதது குறைதான். 2010-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அமைத்த வல்லுநர் குழு, பறவைகள், தேனீக்கள் உள்ளிட்ட உயிரினங்களையும் மனிதரையும் பற்றிக் கிடைத்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து, முன்னெச்சரிக்கையோடு நடக்கப் பரிந்துரைத்தது. சரணாலயங்களுக்கும் பறவைகள் கூடும் கண்மாய்களுக்கும் அருகே கோபுரம் வேண்டாம் என்று கேட்பதில் எனக்கு முழு உடன்பாடு.

15. எலிக்குப் புற்றுநோய் வந்துச்சுன்னு அமெரிக்க அரசாங்கமே சொல்லிருச்சே. இனி என்ன ஆராய்ச்சி வேணும்?

2018-இல் முடிந்த அந்த ஆய்வில் ஆண் எலிகளின் இதயத்தில் ஒருவகைக் கட்டி கூடுதலாக வந்தது உண்மை. நாளுக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு ஆண்டுகள், உடல் முழுவதும் அலை பாய்ச்சினார்கள். மிகுந்த அளவு கிலோவுக்கு 6 வாட். பொதுமக்களின் முழு உடலுக்குப் பன்னாட்டு வரம்பு 0.08 வாட். பெண் எலிகளில் அதே தெளிவான விளைவு இல்லை. அலை பட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தன என்பது இன்னும் விளங்காத புதிர். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011-இல் இவ்வலைகளைப் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற ஐயப்பட்டியலில் வைத்ததும், சான்று முழுமையாக இல்லை, கதவையும் மூட வேண்டாம் என்ற பொருளில்தான். இன்னும் ஆராய்ச்சி வேண்டுவது இதனால்தான்.

16. 5ஜி சோதனையில நூத்துக்கணக்கான பறவை செத்து விழுந்துச்சுன்னு வாட்ஸ்அப்ல வீடியோ வந்துச்சே?

அந்தச் செய்தியின் மூலம் நெதர்லாந்தின் தி ஹேக் நகரம், 2018-இன் இறுதி. ஒரு பூங்காவில் மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் முந்நூறுக்கு மேல் இறந்தன. அங்கே நடந்த 5ஜி சோதனை அதற்குச் சில மாதங்கள் முன்பே, ஒரே நாளில் முடிந்துவிட்டது. இந்தியாவில் 5ஜி சேவை தொடங்கியது 2022 அக்டோபர் 1. அதற்கு முன் இங்கே மக்களுக்கான 5ஜி சேவையே இல்லை. பறவைகள் கூட்டமாகச் செத்தால் முதலில் பறவைக் காய்ச்சலையும் நஞ்சையும் நினையுங்கள். 2021 சனவரியில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் வாத்துகள் செத்தபோது காரணம் பறவைக் காய்ச்சல். வதந்தியை நம்பிக் கையால் அள்ளினால் ஆபத்து நமக்குத்தான்.

17. எங்க தெருவுல டவர் அளவு சரியா இருக்கான்னு தெரிஞ்சுக்க முடியுமா?

முடியும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘தரங் சஞ்சார்’ தளத்தில் உங்கள் பகுதிக் கோபுரங்களின் விவரம் கிடைக்கும். நேரில் வந்து அளக்க வேண்டுமென்றால் 4,000 ரூபாய் கட்டணம். தெருவாகச் சேர்ந்து கட்டினால் பெரிய தொகையாகாது.

18. செத்த மயிலையோ மாட்டையோ பார்த்தா நாங்க என்ன செய்யணும்?

தொடாதீர்கள், மேலே கம்பி தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அடிபட்டு உயிரோடிருக்கும் கால்நடைக்கு 1962. மயில் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளதால் உடலையோ தோகையையோ எடுத்துப்போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காப்பீடு செய்த மாடென்றால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் உடற்கூறு ஆய்வு செய்து சான்று வாங்குங்கள்.

படம் எடுக்கும்போது உடலை மட்டும் எடுக்காமல், கம்பத்தில் வண்ணத்தால் எழுதியிருக்கும் எண்ணும் தெரியும்படி எடுங்கள். புகாரில் அந்த எண்ணையும் சேர்த்து எழுதினால் லைன்மேன் எந்தக் கம்பத்துக்கு உறை போட வேண்டும் என்று தேடி அலைய வேண்டியிருக்காது.